தொண்ணூறு மில்லி

பெரியமேடு அரங்கின் வயிற்றுக்குள் ஓர் அறை.
மேலே இன்னும் என் பெயரைக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.
கான்கிரீட்டைத் துளைத்து வரும்போது அது
பேசின் பிரிட்ஜில் கூட்ஸ் வண்டி போவதுபோல் கேட்கிறது.

அதிகாரி பெயர் மயில்வாகனன். சட்டைப்பையில் இரண்டு பேனா.
என் இடுப்புக்குக் கீழே பார்த்தபடி நிற்பது அவர் வேலை,
அதற்கு அவரே கூச்சப்படுகிறார்.
மூன்று குப்பிகளை நீட்டி
"நீதான் எடுக்கணும் தம்பி, அதுதான் விதி."
இந்த சீசனில்
எது வேண்டும் என்று என்னைக் கேட்ட முதல் ஆள்.

நாலு பாட்டில் தண்ணீர் குடித்தாயிற்று. வரவில்லை.
அவர் குழாயைத் திறந்துவிடுகிறார்.
வியாசர்பாடியில் லாரி வந்த சத்தம்.
அக்கா குடத்தோடு பாய்வாள்,
வரிசைக்குள் நுழைந்து, முழங்கையில் நாலு பேரைத் தொட்டு,
பிடிபடாமல் நிறைகுடத்தோடு திரும்புவாள்.
நான் பார்த்த முதல் ரெய்டு.

டாக்டர் என்றுதான் கூப்பிட்டோம்.
மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவராம்.
முதல் ஊசிக்கு "வைட்டமின்" என்றார்.
இரண்டாவதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அந்தக் கேட்காத இடத்தில்
அவர்கள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள்.

தொடை பெருத்தது. மூச்சு நீண்டது.
ஏலத்தில் என் விலையைக் கேட்டு
எங்கள் தெருவே ஒருதரம் "கபடி" சொல்ல மறந்தது.
ராத்திரிகளில் இதயம் தனியாக எழுந்து ஆடும்,
எதிரணி வராத களத்தில்.
ஞானசுந்தருக்கு அது கொளத்தூர் ஜிம் படிக்கட்டில்
நின்றே போனது. இருபத்தாறு வயசு.
மாலைக்குக் காசு டாக்டர் கொடுத்தார்.
ஆளுயர மாலை.

அப்புறம் கொண்டித்தோப்பு லாட்ஜில் ஒரு மேசை,
அதன்மேல் பதினோரு போன்.
ஊசிக்குப் பணம் போட்டதும் அவர்கள்,
பந்தயத்துக்குப் பணம் போட்டதும் அவர்கள்.
"முப்பத்தெட்டாவது நிமிஷம். போ, பாடு, காலைக் கொடு.
அவ்ளோதான்."
மிரட்டவில்லை. டீகூட வாங்கித் தந்தார்கள்.
பிரிட்ஜைத் திறந்து
என் பெயர் எழுதிய காலிக் குப்பிகளைக் காட்டினார்கள்,
தேதிவாரியாக.

இன்று முப்பத்தெட்டாவது நிமிஷம்
கொடுக்கத்தான் போனேன். சத்தியமாக.
கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது, முதுகில் இரண்டு பேர்.
படுத்தால் போதும்.
கால் படுக்கவில்லை.
நான்கு பேரை இழுத்துக்கொண்டு ஒரு விரல்
நடுக்கோட்டைத் தொட்டது.
அரங்கு எழுந்து நின்றது,
டாக்டரும் எழுந்தார், போனைக் காதில் வைத்தபடி
வாசல் பக்கமாக.
கால் மணி நேரத்தில் மயில்வாகனன் வந்துவிட்டார்.

அந்த ஒரு தொடல் மட்டும் என்னுடையது என்று
அக்காவிடம் சொல்ல ஆசை.
எத்தனை மில்லி நீ, எத்தனை மில்லி அவங்க
என்று அவள் கேட்பாள்.
குடம் குடமாய் அளந்தவள்.

வருகிறது.
கையில் குப்பி சுடுகிறது.
தொண்ணூறு போதும், நூற்றுப்பத்து இருக்கிறது.
"தாராளம்" என்கிறார் மயில்வாகனன், யார் வீட்டிலோ
மோர் ஊற்றும்போது சொல்வதுபோல்.

சீல். கையெழுத்து. படிவம்.
கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்துகள்:
மூன்று கோடு போட்ட இடம்.

சார், இன்னொரு தாள் கிடைக்குமா?

ஏன் என்பதுபோல் பார்க்கிறார்.
மருந்துப் பெயர் ஒன்றும் தெரியாது சார்.
வண்டி நம்பர் தெரியும்.
லாட்ஜில் ரூம் நம்பர் தெரியும்.
யார் யாருக்கு எந்தக் கிழமை என்று தெரியும்.

அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிடுகிறார்.
திரும்பி வந்து உட்காருகிறார்.
இரண்டாவது பேனாவை எடுத்து என் முன்னால் வைக்கிறார்.
அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.
குழாயை மட்டும் மூடவில்லை.